ஹெட்போன் ஆம்பில் எலெக்ட்ரிக் கிட்டார்: பழகும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறுகளில் வீட்டில் நாலைந்து பேருக்கு கிட்டார் சொல்லித் தருகிறேன். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கிட்டாரைத் தொட முடியும்; பக்கத்து அறையில் குழந்தை தூங்கும், மாடியில் வீட்டு ஓனர் இருப்பார். அதனால் கிட்டார் ஜாக்கில் நேராகச் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் எல்லாரிடமும் இருக்கிறது. நல்ல பொருள். நானும் அதில்தான் பழகினேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாசித்தபோது, 12 வருடங்களுக்கு முன் நான் செய்த தவறு அப்படியே காதில் விழுந்தது.

ட்யூன் பண்ணாமல் வாசிப்பது, பேட்டரி தீர்ந்துபோவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

ப்ளூடூத் ஹெட்போன்

ஆம்பில் ப்ளூடூத் உண்டு என்றால், போனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோவிலும் அப்படித்தான். ஹெட்போனுக்கு வயர் வேண்டும். இது தெரியாமல் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 100, 200 மில்லிசெகண்ட் பிந்தி வரும். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு பீட்டின் கால் பங்கே 125 மில்லிசெகண்ட்தான். அடுத்த நோட்டுக்குக் கை போன பிறகு முந்தைய நோட் கேட்டால் எந்தத் தாளமும் நிற்காது. வயர் உள்ளதையே வாங்குங்கள். அதிலும் 250 ஓம் மின்தடை உள்ள ஸ்டுடியோ ஹெட்போன் வேண்டாம், இந்தச் சின்ன ஆம்புக்கு அதை ஓட்டத் தெம்பு போதாது. 32 ஓம் சரியாக இருக்கும்.

எப்போதும் கெயின், எப்போதும் ரிவெர்ப்

என் ஒரு வருடத்தைத் தின்றது இதுதான்.

ஆம்ப் வாங்கிய அன்றே கெயினை (ஏற்ற ஏற்ற ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) முழுக்கத் திருப்பினேன், ரிவெர்பையும் (பெரிய அறையில் வருவது போன்ற எதிரொலி) போட்டேன். காதுக்குள் பெரிய மேடையே இருந்தது. ஒரு வருடம் அந்த செட்டிங்கை மாற்றவில்லை. அப்புறம் நண்பர்கள் ஒரு ரிஹர்சல் அறைக்கு அழைத்தார்கள். அங்கே பெரிய ஆம்ப், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. முதல் பாட்டு கிளீன் டோன், அதாவது கரகரப்பே இல்லாத ஒலி. என் கோர்டில் இரண்டாவது ஸ்ட்ரிங் சத்தமே வரவில்லை. ஒரு ஸ்ட்ரோக் பலமாகவும் அடுத்தது செத்தும் விழுந்தது. இரண்டாவது பாட்டுக்கு டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு ஒலியைப் போட்டேன். கையை எடுத்ததும் கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது. டிரம்மர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. கெயின் ஏற ஏற, மெதுவாக அடித்த நோட்டும் ஓங்கி அடித்த நோட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியே வரும். வலது கையின் தப்பு காதுக்கு வந்து சேராது. டைமிங்கில் விழும் சின்ன ஓட்டைகளை ரிவெர்ப் மூடிவிடும். ஊளை விஷயம் இன்னும் மோசம். பெரிய ஸ்பீக்கரின் சத்தம் காற்று வழியாகத் திரும்ப வந்து கிட்டார் ஸ்ட்ரிங்கை அதிர வைக்கும். அடக்காமல் விட்ட ஸ்ட்ரிங் அந்த அதிர்வில் தானாகவே கத்தும். ஹெட்போனில் இது நடக்க வழியே இல்லை. அதனால் வாசிக்காத ஸ்ட்ரிங்குகளை அடக்கி வைக்க என் கைகள் பழகவே இல்லை.

ரிவெர்ப் மேல் வரும் ஆசை புதிதல்ல. பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டாம் ஷோல்ஸ் 1982-ல் கொண்டுவந்த ராக்மேன் ஹெட்போன் ஆம்பிலேயே எக்கோவும், ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் எஃபெக்ட்டும் இருந்தன. ஸ்பீக்கரில் வாசித்தால் அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தரும். ஹெட்போனில் அறை இல்லை; கிட்டார் மண்டைக்குள் வறட்டு வறட்டென்று கேட்கும். அதனால் கை தானாக அந்தப் பட்டனுக்குப் போகிறது. ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வறண்ட ஒலிதான் உங்கள் கை என்ன செய்கிறது என்று சொல்லும்.

தினமும் முதல் 20 நிமிடம் கிளீன் டோனில், ரிவெர்ப் இல்லாமல் வாசியுங்கள். அப்புறம் டிஸ்டார்ஷன் போடுங்கள், கெயின் பாதியளவு போதும். கூடவே ஒரு சோதனை: ஒரு நோட் அடித்து, அந்த ஸ்ட்ரிங்கை மட்டும் விரலால் நிறுத்துங்கள். இன்னும் ஏதாவது ஒலிக்கிறதா? அதுதான் பெரிய ஆம்பில் ஊளையிடப்போகும் ஸ்ட்ரிங்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வாரம் கெயின் மறுபடி முழுக்க ஏறியிருக்கும். எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்.

சத்தம் படிப்படியாக ஏறுவது

கூடவே வாசிக்க போனிலிருந்து போடும் பாட்டு கிட்டாரை அமுக்குகிறது என்று கிட்டாரை ஏற்றுவோம். இப்போது பாட்டு கேட்கவில்லை, அதை ஏற்றுவோம். அரை மணி நேரத்தில் இரண்டும் எங்கேயோ போயிருக்கும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். முதலில் கிட்டாரைப் பேச்சுக் குரல் அளவில் வையுங்கள். பாட்டை அதற்குக் கீழே கொண்டுவாருங்கள், பிறகு எதையும் தொடாதீர்கள். கழற்றியதும் காதில் 'ங்ங்' என்று கேட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது.

சார்ஜ் போட்டபடி வாசிப்பது

சார்ஜரின் இரைச்சல் உள்ளே வரும். கழற்றிவிடுங்கள்.

ஆக்டிவ் பிக்கப் கிட்டாரில் செருகியே வைப்பது

ஆக்டிவ் பிக்கப் என்றால் பேட்டரியில் ஓடும் பிக்கப். ஆம்பை அணைத்திருந்தாலும் கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீரும். அந்த ஜாக்தான் அதற்கு சுவிட்ச்.

ஆம்ப் செருகியபடி கட்டிலில் சாய்வது

பக்கவாட்டில் ஜாக் உள்ள கிட்டாரில் ஆம்ப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவை மெத்தையில் இடித்தால் போதும், மொத்த அழுத்தமும் ஜாக் மேல்தான். என் முதல் கிட்டாரின் பிளாஸ்டிக் ஜாக் தகடு அப்படித்தான் உடைந்தது. உள்ளே சால்டரும் விட்டுப்போனது. ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ஆம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.