முதல் சொம்பு காலுக்கு: குளிருக்குப் பழகும்போது செய்யக்கூடாதவை

சென்னை காசிமேட்டில் மார்கழி என்றால் விடியற்காலை 20, 21 டிகிரிதான். அதற்கே எங்கள் தெருவில் மங்கி குல்லா வெளியே வந்துவிடும். டெல்லியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மே மாதம் முழுக்க வெந்த உடம்புக்கு இது குளிர்தான்.

பதினாறு வயதில் முதல் தடவை மாலை போட்டேன். காலை நாலரை மணி. மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியில் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர். வீரமாக ஒரு முழு சொம்பை உச்சந்தலையில் கவிழ்த்தேன். "சாமியே" என்று ஆரம்பித்தது "சா"வோடு நின்றது. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. பெரியப்பா கதவுக்கு வெளியிலிருந்து, "சாமி, மொதல்ல காலுக்கு ஊத்து சாமி, அப்புறம் கை, தலைக்குக் கடைசியா" என்றார். மாலை போட்டிருந்ததால் சாமி. இல்லாவிட்டால் வேறு வார்த்தை வந்திருக்கும்.

நான் செய்ததுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. தோல் திடீரெனக் குளிர்ந்தால் மூச்சு நம் கட்டுப்பாட்டை மீறி உள்ளே இழுக்கும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். குளியலறையில் இது வெறும் திணறல். ஜில்லென்ற ஆற்றிலோ ஏரியிலோ குதித்தவனுக்கு அந்த முதல் மூச்சு தண்ணீருக்கு அடியில் வந்தால் உயிரே போகலாம்.

நல்ல சேதி, இந்தத் திணறல் சீக்கிரம் மட்டுப்படும். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே பெருமளவு குறைவதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு மண்டலம் விரதத்தில் முதல் வாரம்தான் கஷ்டம் என்று சாமிமார் சொல்வது சும்மா இல்லை. ஆனால் இரண்டு நாள் வீரம், மூன்றாம் நாள் ஹீட்டர் என்று போனால் எப்போதும் முதல் நாளிலேயே நிற்பீர்கள். கை பம்பில் அடித்துக் குளித்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்களும் உண்டு. நிலத்தடி நீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அது கணக்கில் வராது.

அடுத்த தவறு, பழகிவிட்டது என்றால் குளிர் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது. திணறல் குறையும், ஆனால் உடம்பு சூடு இழப்பது நின்றுவிடாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள், ஹேன்யோ என்பார்கள், பருத்தி உடையோடு குளிர்காலத்திலும் இறங்கி, நடுக்கமே தாமதமாக வருமளவு பழகியிருந்தார்கள். 1970களில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது. உடம்பு பழகியதை மறக்கவும் செய்யும்.

நம் கடல் மார்கழியிலும் அவ்வளவு ஜில்லென்று இராது. ஃபைபர் படகில் போகிறவர்களை வாட்டுவது ஈர பனியனும் வாடைக் காற்றும்தான். காய்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போனால் பாதிக் குளிர் போச்சு. அதை விட்டுவிட்டுக் குளிருக்கு ஒரு கட்டிங் போடுவது வேலைக்காகாது. சரக்கு தோலுக்கு ரத்தத்தைத் தள்ளும், சூடு ஏறினமாதிரி இருக்கும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். மணாலிக்கு டூர் போகும் நம் பசங்களுக்கும் இதேதான்.

இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜில் தண்ணீர் பக்கம் போக வேண்டாம். கைக்குழந்தைக்கும் இந்தப் பழக்கம் தேவையில்லை.

பெரியப்பா இப்போது பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வருஷமும் மாலை போட்டார், வெந்நீர் விளாவித்தான் குளிக்கிறார். முதல் சொம்பு இன்னும் காலுக்குத்தான் போகிறது.