ஜீவனாம்சம் கேட்கக் கையில் காசில்லையா? இப்படிப் போங்கள்

பண்ருட்டியிலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ பஸ் ஏறி வந்து, வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று கோர்ட் வாசலில் தயங்கி நிற்கும் பெண்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேராக அங்கே போங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைக்கும். 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

மஞ்சப்பையில் ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, அப்புறம் கணவர் வேலை பார்க்கும் இடத்து விலாசம், எல்லாம் எடுத்துப் போங்கள். இந்த விலாசம் தப்பாக இருந்தால் நோட்டீஸ் திரும்பி வந்து, வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும்.

மனு போடுவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவில், அதாவது பழைய சட்டத்தின் 125-ஆம் பிரிவு. நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். வழக்கு முடியும்வரை கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் சேர்த்தே கேளுங்கள். கணவருக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அந்த இடைக்கால மனுவை முடிக்கச் சொல்கிறது சட்டம். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும், அதனால் நாளைத் தள்ளாதீர்கள்.