தரங்கம்பாடியைப் பார்க்கச் செல்வோருக்கு

தரங்கம்பாடிக்கு வருவோரில் பெரும்பாலோர் திருக்கடையூரில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, காரைக்காலுக்குப் போகிற வழியில் டேனிஷ் கோட்டையை அரை மணி நேரம் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகின்றனர். கோட்டைக்கு அந்த நேரம் போதும், ஊருக்குப் போதாது. டேனியர்கள் 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று இங்கே குடியேறுவதற்கு முன்பே இது கடலை நம்பி வாழ்ந்த ஊர். வங்காளத்துச் சிராம்பூர் முதலிய இடங்களோடு சேர்த்து 1845-இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு அவர்கள் வெளியேறிய பின்னும் மீன்பிடித் தொழில் நிற்கவில்லை. ஆகவே முதல் நாள் மாலையே வந்து தங்கி, மறுநாள் விடியற்காலையில் கடற்கரையிலிருந்து தொடங்குவதே சரியான முறை.

இரயிலில் வருவோர் மயிலாடுதுறையில் இறங்கித் திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் வரலாம். சென்னையிலிருந்து சாலை வழியாக வருவோருக்குச் சிதம்பரம், சீர்காழி வழி எளிது. தங்கும் விடுதிகள் சிலவே உள்ளதால், விடுமுறை நாட்களில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

பயணத்திற்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் படகுகளைக் கரையிலேயே நிறுத்திவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் கரை அடியோடு ஓய்ந்துவிடாது என்றாலும், மீன் விலை ஏறியிருக்கும்.

காலையில் படகுகள் கரை சேரும்போது மீனை வலையிலிருந்து பிரிப்பது, கூடை கூடையாக ஏலம் விடுவது, பெண்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு சந்தைக்கு விரைவது எல்லாம் அடுத்தடுத்து வேகமாக நடக்கும். பார்ப்பவர் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். விரித்துப் போட்ட வலையை மிதித்தோ தாண்டியோ செல்லக் கூடாது. ஏலம் நடக்கும்போது விலை விசாரித்துக் குறுக்கிடவும் கூடாது. படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்று விளித்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் 2004 ஆழிப்பேரலையில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே பல. அவர்களாகப் பேச்செடுத்தாலன்றி அதைப் பற்றித் துருவிக் கேட்பது முறையன்று.

அங்கிருந்து மாசிலாமணிநாதர் கோயிலுக்குச் செல்லலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுப்பப்பட்ட இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியுள்ள பாறைகளின் மேல் ஏறுவது ஆபத்தானது. குளிப்பதற்கும் இந்தக் கடல் ஏற்றதன்று.

வெயில் ஏறுவதற்குள் இராஜ வீதியை நடந்தே பார்த்துவிட வேண்டும். 1792-இல் கட்டிய நகர வாயிலிலிருந்து கோட்டைவரை நீளும் இத்தெருவில்தான் 1701-இல் திறக்கப்பட்ட சீயோன் ஆலயமும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. 1706-இல் இங்கே வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பது புதிய எருசலேம் ஆலயத்தில்தான். இரண்டிலும் இன்றும் வழிபாடு நடப்பதால், ஞாயிறு காலையில் சுற்றிப் பார்க்க நுழையாமல் ஆராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

கோட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கீழ்த்தளத்தின் கிடங்குகளும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநர் தங்கிய அறைகளும், தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் பார்க்கத் தக்கவை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை என்பதை மறந்து வருவோர் மதிலை மட்டும் பார்த்துத் திரும்ப நேரிடும். மீன் வாங்க நினைப்போர் காலையிலேயே ஏலம் முடிந்த பிறகு விற்கும் பெண்களிடம் வாங்கி, தங்கும் இடத்தில் சமைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நெடும்பயணம் போகிறவர்களுக்குக் கருவாடே வசதி.