நள்ளிரவில் லொகேஷன் எடுத்த ஆப் எது? தனியுரிமை டாஷ்போர்டைப் படிக்கும் விதம்

ஆப் நிறுவும்போது வரிசையாக வரும் அனுமதிக் கேள்விகளுக்கு யோசிக்காமல் 'அனுமதி' கொடுத்துவிடுகிறோம். கொடுத்ததை அந்த ஆப் எப்போது பயன்படுத்தியது என்பதைப் படமாகக் காட்டுவதுதான் 2021-இல் ஆண்ட்ராய்டு 12-உடன் வந்த தனியுரிமை டாஷ்போர்டு. மெனு போனுக்குப் போன் மாறும். அமைப்புகளின் தேடல் பெட்டியில் 'தனியுரிமை' என்று தட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

திறந்ததும் ஒரு வண்ண வளையம் தெரியும். கடந்த 24 மணி நேரத்தில் ஆப்கள் எடுத்த லொகேஷன், கேமரா, மைக் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு பங்கு எவ்வளவு பெரிது என்பது அதை எடுத்த ஆப்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே ஆப் நூறு முறை மைக்கைத் திறந்திருந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். ஆகவே சின்னப் பங்கைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

வளையத்தின் கீழே 'லொகேஷன்' என்பதைத் தட்டுங்கள். எந்த ஆப், எத்தனை மணிக்கு என்று நேரவாரியாக வரும். மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் 'சிஸ்டம்' ஆப்களையும் காட்டச் சொல்லலாம். ஆனால் பட்டியல் நீண்டு குழப்பும், முதல் நாளே வேண்டாம்.

படத்தைப் படிக்கப் பழக ஒரு சோதனை: வாய்ஸ் ரெக்கார்டரில் பத்து நொடி பதியுங்கள். திரையின் வலது மேல் மூலையில் பச்சைக் குறி வரும். பிறகு டாஷ்போர்டில் மைக்கைத் திறந்து அந்தப் பதிவைத் தேடுங்கள்.

இனி, காலையில் எழுந்ததும் பாருங்கள். நீங்கள் தூங்கிய நேரத்தில் என்ன நடந்தது என்பதே முக்கியம். வானிலை விட்ஜெட் லொகேஷன் எடுத்தால் காரணம் உண்டு. டார்ச் ஆப் எடுத்தால்? அதன் பெயரைத் தட்டி, அனுமதியை 'ஆப்ஸைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள், அல்லது அடியோடு மறுத்துவிடுங்கள். உணவு டெலிவரி, கடைத் தள்ளுபடி ஆப்களுக்குத் 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்துப் பாருங்கள். வீட்டு வாசல் வரை வரவேண்டிய ஆப் திணறினால் அதற்கு மட்டும் திருப்பிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போகாமல் நின்றால் எந்த மாற்றத்தால் என்று தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு ஆப் போதும். 24 மணி நேரம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து, நள்ளிரவுப் பதிவு மறைந்ததா என்று ஒப்பிடுங்கள்.

எடுத்த தகவல் எந்த சர்வருக்குப் போனது என்பதை இந்தப் படம் காட்டாது. ஐபோனில் ஐஓஎஸ் 15.2 முதல் உள்ள 'ஆப் தனியுரிமை அறிக்கை', ஏழு நாள் கணக்கோடு ஆப் தொடர்புகொண்ட இணைய முகவரிகளையும் தருகிறது. ஆனால் அதை முதலில் நீங்களே இயக்க வேண்டும். இயக்கிய நாளிலிருந்துதான் பதிவு சேரும்.