கபுகி நடிகர் படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் நடிகர்களைக் காட்டும் பழைய மர அச்சுப் படங்களைப் பார்த்துவிட்டு டோக்கியோவுக்குப் போகிறவர்களில் சிலர், அந்தக் கபுகி அரங்குகள் இருந்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நேராக ஷின்ஜுகுவில் உள்ள கபுகிச்சோவுக்குப் போய்விடுகிறார்கள். பெயரிலேயே கபுகி இருக்கிறதே என்ற நம்பிக்கைதான். ஆனால் டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த எடோ காலத்தில் (1603–1868) அங்கே கபுகி அரங்கு எதுவும் இருந்ததில்லை. போரில் எரிந்துபோன அந்தப் பகுதியை மறுபடி கட்டியபோது, ஒரு கபுகி அரங்கு வரப்போகிறது என்ற திட்டத்தை வைத்து 1948-ல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அரங்கு வரவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கின்சாவில் இருக்கும் கபுகி-சா அரங்கு கூட 1889-ல் திறந்ததுதான்.

சரி, மர அச்சுப் படங்களில் வருகிற அந்த அரங்கத் தெரு எங்கே? அசாகுசாவில், சென்சோஜி கோயிலுக்குப் பின்பக்கம் இருந்த சாருவாகாமாச்சி. ஆனால் எல்லா நடிகர் படங்களையும் இந்தத் தெருவோடு சேர்த்துவிடுவது அடுத்த தவறு. அதற்கு முன்பு நகாமுரா, இச்சிமுரா அரங்குகள் நகரின் நடுவில், சாகாய்-சோ, ஃபுகியா-சோ என்ற அடுத்தடுத்த பேட்டைகளில் இருந்தன. மூன்றாவது அரங்கு இன்றைய கின்சாவின் கிழக்கே கோபிகி-சோவில் இருந்தது. 1841-ல் ஒரு தீ முதல் இரண்டையும் அழித்தது. அப்போது ஆட்சியின் முதன்மை அமைச்சர் மிசுனோ தடாகுனியின் சிக்கனச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது. அரங்குகள் மக்களைக் கெடுக்கின்றன என்று நினைத்த ஆட்சி, பழைய இடத்தில் திரும்பக் கட்ட அனுமதிக்கவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த அசாகுசாவுக்கு 1842-லும் 1843-லுமாக எல்லாவற்றையும் தள்ளியது. நகாமுரா அரங்கைத் தொடங்கிய சாருவாகா கன்சாபுரோவின் பெயர்தான் புதுத் தெருவுக்கு வந்தது. ஆகவே 1794-ல் வெளியான ஒரு படத்துக்குக் கீழே ‘சாருவாகாமாச்சி நடிகர்’ என்று யாராவது எழுதியிருந்தால், ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிசகியிருக்கிறது.

இந்தத் தெருவைப் பற்றி மிகவும் பேர்போன படம், ஓவியர் ஹிரோஷிகே 1856-ல் வரைந்த இரவுக் காட்சி. முழு நிலா. தெரு நிறைய ஜனங்கள். ஒவ்வொருவர் காலடியிலும் நிழல் விழுகிறது. ஜப்பானிய அச்சுப் படங்களில் நிழல் அபூர்வம் என்பதால், நான் முதல் தடவை பார்த்தபோது நிழல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்திலேயே இரவுக் காட்சி நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மர அரங்குகளில் விளக்குத் தீ என்றால் எல்லோருக்கும் பயம். நாடகம் விடியலில் தொடங்கிப் பகலெல்லாம் நடக்கும். ஹிரோஷிகே காட்டுவது ஆட்டம் முடிந்த பிறகான தெருவை.

அப்புறம் பெண்கள். படத்தில் அழகான ஒரு பெண் இருந்தால் அது பெண்ணின் உருவப்படம் என்று முடிவுகட்டுவதுதான் நம்மில் பலரும் செய்கிற தவறு. 1629-ல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது, 1652-ல் இளம் பையன்களுக்கும் வந்தது. அதன் பிறகு பெண் வேடம் கட்டியவர்கள் வளர்ந்த ஆண்களே. அவர்களுக்கு ஒன்னகாதா என்று பெயர். அடையாளம் நெற்றியில் இருக்கிறது. ஆண்கள் முன்தலையை மழிப்பது அக்கால வழக்கம். அந்த மழித்த இடத்தை மறைக்க ஒன்னகாதா ஒரு சிறிய ஊதாத் துணியைப் போட்டுக்கொள்வார். படத்தில் நெற்றிக்கு மேல் அந்தத் துணி தெரிந்தால் நீங்கள் பார்ப்பது நடிகரை.

பெயரை நம்பி ஏமாறுவது இன்னொன்று. ‘இச்சிகாவா டான்ஜூரோ’ என்று படத்தில் இருந்தால் எந்த டான்ஜூரோ? முதலாமவர் 1704-ல் அரங்கிலேயே கொல்லப்பட்டார். பெயர் அவரோடு போகவில்லை. ஏழாமவர் 1832-ல் தன் மகனுக்கு அதைக் கொடுத்துவிட்டு எபிசோ என்ற பெயருக்கு மாறினார். அந்த எட்டாமவர் 1854-ல் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது அஞ்சலிப் படங்கள் குவிந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் கொண்ட குடும்பச் சின்னம் எல்லோருக்கும் ஒன்றே. எனவே சின்னம் குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

ஆளைக் கண்டுபிடிக்க ஆண்டு வேண்டும். அதற்கு ஓரத்தில் இருக்கும் தணிக்கை முத்திரைகளைப் பாருங்கள். பலர் இவற்றை அலங்காரம் என்று கடந்துவிடுகிறார்கள். 1852 முதல் எலி, எருது, புலி என்ற பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியும் மாதமும் முத்திரையில் வரும். முதல் சுற்றில் எலி என்றால் 1852, புலி என்றால் 1854. அந்த மாதம் எந்த அரங்கில் என்ன நாடகம் என்று பழைய பதிவுகளில் தேடினால் நடிகர் கிடைப்பார். வாசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நடிகர் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நடிகர் பெயரே இல்லாத படங்களும் ஏராளம். பெயர் இல்லையே, இது வெறும் கதைப் படம்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1842-ல் நடிகர் படங்களையே தடை செய்தார்கள். தடை தளரத் தொடங்கிய பிறகும் பல ஆண்டுகள் பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டு, முகத்தைக் கொண்டு ஆளைக் காட்டினார்கள். வாங்கியவர்களுக்கு முகமே போதும். ஓவியர் குனியோஷி 1847 வாக்கில் ஒரு கிடங்குச் சுவரில் யாரோ கிறுக்கியது போல நடிகர்களின் முகங்களை வரைந்து வெளியிட்டார். கிறுக்கல் என்றால் யாரைப் போய்ப் பிடிப்பது? ஆனாலும் எடோவாசிகளுக்கு ஒவ்வொரு மூக்கும் யாருடையது என்று தெரிந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

ஓவியர் பெயரிலும் இதே குழப்பம் உண்டு. ‘டொயொகுனி’ என்ற கையெழுத்தைப் பார்த்ததும் புகழ்பெற்ற முதலாம் டொயொகுனி என்று எழுதிவிடுகிறார்கள். அவர் 1825-லேயே இறந்துவிட்டார். அவருடைய மாணவர் குனிசாதா 1844-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். 1850-களின் முத்திரையோடு வருகிற டொயொகுனி அநேகமாக இவர்தான்.

ஷராகு என்ற ஓவியரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 1794 மே மாதம் தோன்றி, பத்தே மாதத்தில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு மறைந்தவர். இரண்டு கைகளையும் விரித்தபடி முறைக்கும் அந்த முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை ‘கோபக்கார சாமுராய்’ என்று தனியாக மாட்டிவைக்கிறார்கள். அவர் சாமுராய் அல்ல. கவாரசாகி அரங்கில் நடந்த ஒரு நாடகத்தில் பணத்தைப் பறிக்க வரும் அடியாள் எடோபெய், நடிப்பது மூன்றாம் ஓதானி ஓனிஜி. அவர் முறைப்பது வெற்றிடத்தை அல்ல. இதற்கு ஜோடியாக இன்னொரு படம் உண்டு: பணத்தைக் காக்கும் வேலையாள் இப்பெய், வாளை உருவும் கணத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கைகள் ஏன் அப்படி விரிந்திருக்கின்றன என்று அப்போது புரியும்.

வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பல படங்கள் மூன்று தாள்கள் சேர்ந்தவை. நடுத் தாள் மட்டும் தனியாக விற்பனைக்கு வரும். ஓரங்களை வெட்டியிருந்தால் முத்திரையே போயிருக்கும். பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கி அச்சிட்ட நகல்களும் கையால் அச்சிட்டவையே, அழகானவையே. பழையது என்று சொல்லி விற்றால்தான் தவறு.

கடைசியாக நிறம். மங்கிய பழுப்பும் சாம்பலும்தான் எடோவின் ரசனை என்று நினைப்பவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களில் நீலத்தைப் பெரும்பாலும் ஒரு சிறு பூவிலிருந்தும், சிவப்பைக் குசும்பப் பூவிலிருந்தும் எடுத்தார்கள். இரண்டும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921-ல் ஸ்பால்டிங் சகோதரர்கள் சுமார் 6,500 படங்களைக் கொடுத்தபோது, ஒருநாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதனால் அவற்றில் நிறம் இன்னும் இருக்கிறது. வீட்டில் ஜன்னலுக்கு எதிரே மாட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்தச் சிவப்பையும் நீலத்தையும் கலந்துதான் ஊதாவைச் செய்தார்கள் என்பதால், ஒன்னகாதாவின் நெற்றித் துணி பல படங்களில் இன்று பழுப்பாகத்தான் தெரியும். நிறத்தைத் தேடாதீர்கள், நெற்றிக்கு மேலே அந்தத் துணியின் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.