வீட்டுத் தச்சுவேலை: நான் செய்து கெட்ட தவறுகள்

போன மாதம் தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி, தான் செய்த புத்தக அலுமாரியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, மேல்பலகை ஏன் இப்படிப் பிளந்தது?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில், என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பிளவு. நுனியில் ஆரம்பித்து நார் ஓடும் வழியே உள்ளே போயிருந்தது. அதற்கு முந்திய மாதமும் இன்னொருவர் இதே கதையோடு வந்தார். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லப் பொறுமையில்லை, எழுதிவிடுகிறேன்.

கண்ணாடி போடுங்கள், சரியாக அளவெடுங்கள், விரலைக் கவனியுங்கள் என்பதை யாரும் சொல்வார்கள். அதெல்லாம் இங்கே இல்லை.

"நல்லாக் காய்ந்தது" என்பதை நம்புவது

அக்காவுக்குச் செய்தது ஆறு அடி நீளம், மூன்று அடி அகலத்தில் மகோகனி மேசை. மரம் வாங்கியது நவம்பரில், கொழும்பில் பின்னேரமானால் மழை கொட்டும் காலம். மரக்காலைக்காரர் "நல்லாக் காய்ந்தது தம்பி, தட்டிப் பாருங்க" என்றார். தட்டினேன், சத்தம் கேட்டது. ஈர மரத்தைத் தட்டினாலும் சத்தம் கேட்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இழைக்கும்போது சீவல் நீள நீளமாகச் சுருண்டு வந்தது. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருந்தது. என் சீவுளி அவ்வளவு கூர் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மரம் எனக்கு நேரடியாகவே சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

ஐந்து பலகைகளை ஒட்டி மேற்பலகை செய்தேன். அது வளையாமல் இருக்க இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு சட்டம் வைத்து, முழு நீளத்துக்கும் பசை பூசி, போதாதென்று மர ஆணிகளும் அடித்தேன். பலம் வேண்டாமா? மேசை ஏசி போட்ட ஹாலுக்குப் போனது. பெப்ரவரியில் ஒரு நாள் நடுச்சாமத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். அக்கா கள்ளன் வந்துவிட்டான் என்று நினைத்து அத்தானை எழுப்பியிருக்கிறார்.

நடந்தது இதுதான். மரம் காயும்போது அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. ஈரப்பதம் 30 வீதத்துக்கு மேல் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது, அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். மகோகனி முழுக்கக் காய்ந்து முடியும்போது அகலத்தில் 5 வீதம் வரை குறையலாம். என் பலகையில் 22 வீதம் ஈரம் இருந்து, ஏசி அறையில் அது 12க்கு இறங்கியிருந்தால், மூன்று அடி அகலத்தில் ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர் குறைய வேண்டும். ஆனால் முனையில் ஒட்டிய சட்டத்தின் நார் மேசைக்குக் குறுக்காக ஓடுகிறது. அது சுருங்காது, பலகையையும் சுருங்க விடாது. அப்புறம் பலகை வேறென்ன செய்யும்?

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தப் பிளவுகூட அல்ல, அதற்கு நான் செய்த வைத்தியம். மரத்தூளையும் பசையையும் குழைத்து வெடிப்புக்குள் அப்பி, மினுக்கி, வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். மே மாதம் அக்கா குடும்பத்தோடு கனடா போய் மூன்று மாதம் நின்றார். வீடு பூட்டிக் கிடந்தது, ஏசி இல்லை, வெளியே தென்மேற்குப் பருவமழை. மரம் ஈரத்தை இழுத்து மறுபடி விரிந்தது. திரும்பி ஒடுங்கவிருந்த வெடிப்புக்குள் என் பசைக் கட்டி கல்லு மாதிரி இருந்தது. அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது முனைச் சட்டம் ஒன்று கழன்று, பலகை முதுகு வளைந்து கிடந்தது.

தெஹிவளைத் தம்பியும் மரத்தூள் குழைத்து வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். கேட்டாரா தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? மரக்காலையிலிருந்து வந்த பலகையை அடுத்த சனிக்கிழமையே அறுக்காதீர்கள். நிழலில், காற்றோடும் இடத்தில், ஒரே தடிப்பான சிறு கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இடையில் வைத்து அடுக்குங்கள். கட்டைகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை நெளியும். வெட்டு முனைகளில் மிஞ்சின பெயின்ரைப் பூசிவிடுங்கள். முனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறும், பெரும்பாலான நுனி வெடிப்புகள் அங்கேதான் பிறக்கின்றன. பிறகு ஒரு பலகையைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதுங்கள். வாரம் ஒரு தடவை நிறுங்கள். எடை இறங்குவது நின்றால், மரம் அந்த இடத்தின் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு ஊசி வைத்த ஈரமானி வாங்கினாலும், பலகையைக் குறுக்கே அறுத்து, புது முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். மேற்தோல் எப்போதும் காய்ந்ததாகத்தான் காட்டும்.

இதோடு முடியவில்லை. கொழும்பில் விறாந்தையில் எவ்வளவு நாள் வைத்தாலும் மரம் 15, 16 வீதத்துக்குக் கீழே போவது கஷ்டம். ஏசி அறையில் அது 10, 11க்கு இறங்கும். அதனால், செய்யும் சாமான் எந்த அறைக்குப் போகிறதோ அந்த அறையில் பலகையைச் சில வாரம் வையுங்கள். அப்படிச் செய்தாலும் மரம் அசைவதை நிறுத்தாது, அசைய இடம் விட்டுத்தான் பூட்ட வேண்டும். முனைச் சட்டத்துக்கு நடுவில் ஒரு சாண் நீளம் மட்டும் பசை. ஓரங்களில் ஸ்குரூவுக்கு நீள்வட்டத் துளை. மேற்பலகையைக் கால் சட்டத்தோடு ஒட்டவே ஒட்டாதீர்கள். மொரட்டுவையில் ஒரு வயதான ஓடாவியார் என் மேசைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு மேசையைக் கவிழ்த்துக் காட்டினார். சின்னச் சின்ன மரக் கொளுக்கிகள், ஒரு பக்கம் ஸ்குரூ, மறுபக்கம் சட்டத்தின் காடிக்குள் சும்மா சொருகியபடி. பசையே இல்லை.

பழைய வீட்டு மரம்

உடைத்த வீட்டுத் தேக்கும் பலாவும் கிடைத்தால் விடாதீர்கள், காய்ந்து முடிந்த மரம். ஆனால் தலை முறிந்த ஆணி உள்ளே இருக்கும். சீவுளியை வைக்கமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். நான் ஒரு மெஷின் அலகைத் தின்னக் கொடுத்த பிறகுதான் காந்தம் வாங்கினேன்.

முதிரை மரத்தூள்

முகமூடி மட்டும் போதாது, முழுக்கைச் சட்டையும் போடுங்கள். சிலருக்குத் தோல் தடித்துவிடும். எனக்கு இரண்டு வாரம் சொறிந்தது.

மழை நாளில் பொலிஷ்

அரக்குப் பொலிஷும் லாக்கரும் வெள்ளை பூக்கும். கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. வெயில் வரட்டும்.

மொட்டை உளி

தீட்டுங்கள்.

கடல் காற்று

காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்கள், வேலை முடிந்ததும் இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். ஒரே இரவில் துரு வரும்.

லின்சீட் எண்ணெய்த் துணி

மேலே சொன்னது மெஷின் எண்ணெய். லின்சீட் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் தனியாக விரித்துக் காயப்போடுங்கள். வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.