க்ரூஸ் கப்பலில் போன்: ரோமிங் பில் எகிறாமல் தப்பிப்பது எப்படி?

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு, நாலு ராத்திரி கழித்து மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிற க்ரூஸுக்குக் குடும்பத்தோடு போனோம். மாமா எல்லாவற்றிலும் உஷார். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் செல்லுபடியாகும் ரோமிங் பேக் ஒன்றைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொண்டார். முதல் நாள் ராத்திரி போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினார், அவ்வளவுதான் செய்தார். அந்த மாத போஸ்ட்பெய்ட் பில்லில் பதினோராயிரத்துச் சொச்சம் கூடுதலாக வந்தது. கேட்டால், "சார், அது கப்பல் நெட்வொர்க், உங்க பேக்ல வராது" என்று பதில்.

அவர்கள் சொன்னது தப்பில்லை. விஷயமே அதுதான். முதல் தடவை கப்பலில் போகிறவர்கள் மலேசிய டவரையும் தாய்லாந்து டவரையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். காசைக் கரைப்பது கப்பலுக்குள்ளேயே இருக்கிற டவர்.

முதலில் அந்த டவரைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரிய பயணிகள் கப்பல்களில் சின்னச் சின்ன மொபைல் ஆன்டெனாக்கள் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் போன் அவற்றோடு பேசும், அவை சாட்டிலைட் வழியாக வெளியுலகத்தோடு பேசும். கரையை ஒட்டி இருக்கும்போது இதை அணைத்து வைப்பார்கள். ஒரு நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பொதுவாக அதைத் தாண்டியதும் கப்பல் டவர் உயிர் பெறும். உங்கள் போனுக்கு இதெல்லாம் தெரியாது. சிக்னல் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், நாலு கோடும் காட்டும், பார்க்க ஊர் டவர் மாதிரியே இருக்கும்.

அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போனின் மேல் மூலையில் நெட்வொர்க் பெயரைப் பாருங்கள். 'செல்லுலார் அட் சீ', 'டெலினார் மாரிடைம்' என்றோ, 901-18, 901-12 மாதிரி வெறும் எண்ணாகவோ வந்தால் அது கப்பல் டவர். 901 என்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குறியீடு. இந்தியாவுக்கு 404, 405, மலேசியாவுக்கு 502, தாய்லாந்துக்கு 520 என்று நாட்டுக்கு நாடு தனி எண் இருக்க, கடலுக்கும் விமானத்துக்கும் இது. நாடுகளின் பட்டியல் போட்டு விற்கிற பேக்கில் இந்த 901 ஏன் வராது என்று இப்போது புரிந்திருக்கும்.

கணக்கு எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். பேக் இல்லாத டேட்டாவுக்கு எம்பி ஒன்றுக்கு 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்காமலேயே பின்னணியில் ஏறுகிற ஒரு சின்ன வீடியோ 20 எம்பி என்றால் பத்தாயிரம் ரூபாய் போச்சு. மாமா போனில் நடந்தது இதுதான். அன்று சாயங்காலம் டெக்கில் எடுத்த படங்களை கூகுள் போட்டோஸ் விசுவாசமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

படி 1: கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

இந்தப் படிதான் நீளமானது. வீட்டில் வைஃபை நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து இன்டர்நேஷனல் ரோமிங் ஆனா ஆஃபா என்று பாருங்கள். பேக் வாங்குவதாக இருந்தால் விளம்பரத்தை நம்பாமல் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நாடுகள் பட்டியலைப் படியுங்கள். அதில் கப்பல், க்ரூஸ், மாரிடைம் என்ற வார்த்தை எதுவும் இல்லாவிட்டால் அந்த பேக் கடலில் உதவாது.

அப்புறம் இ-சிம், அதாவது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிற சிம். துறைமுகத்தில் இறங்கும்போது மட்டும் நெட் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஏராலோ, ஹோலாஃப்ளை மாதிரி நிறுவனங்கள் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே ஆசிய இ-சிம் விற்கின்றன. ஐபோன் என்றால் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு, ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் போனில் உண்டா என்று தெரிந்துகொள்ள டயலரில் *#06# அடித்துப் பாருங்கள், இஐடி என்று ஒரு நீள எண் வந்தால் பெரும்பாலும் உண்டு. க்யூஆர் கோடை வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிடலாம், ஆனால் வேலிடிட்டி எப்போது ஆரம்பிக்கிறது என்று முதலில் படியுங்கள். சிலதில் அந்த நாட்டு டவரைத் தொட்டதும், சிலதில் ஏற்றிய உடனேயே. ஏற்றிய பிறகு விளையாட்டாக டெலீட் செய்துவிடாதீர்கள், பல இ-சிம்களை மறுபடி ஏற்ற முடியாது.

இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம். யுபிஐ ஆப்கள் அந்த சிம் போனில் இருக்கிறதா என்று பார்க்கும், காணோம் என்றால் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யச் சொல்லும். சிம் இருக்கட்டும், கடலில் அது பேசாமல் இருந்தால் போதும்.

பினாங்கு, புக்கெட் வரைபடங்களை கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பில் தாய் மொழியையும் இறக்கிவிடுங்கள். கப்பல் நிறுவனத்தின் ஆப்பை மறக்கவே கூடாது. பெரும்பாலான கப்பல்களில் அந்த ஆப் மட்டும் இன்டர்நெட் பேக்கேஜ் வாங்காமலேயே கப்பல் வைஃபையில் வேலை செய்யும். இன்றைக்கு என்ன நிகழ்ச்சி, சாப்பாடு எந்தத் தளத்தில் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். சில கப்பல்களில் பயணிகள் தங்களுக்குள் சாட் செய்யவும் வசதி உண்டு, இலவசமாகவோ சின்னக் கட்டணத்திலோ. எட்டுப் பேர் பத்துப் பேராகப் போகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம், "எங்கடா இருக்கீங்க" என்று தளம் தளமாக அலைய வேண்டியதில்லை. ஏறிய பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கே நெட் வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் கப்பலின் பெயர், கேபின் எண், கப்பல் நிறுவனத்தின் அவசர எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏதாவது அவசரம் என்றால் அவர்கள் அந்த வழியில் உங்களைப் பிடிக்கலாம். இதைச் செய்துவிட்டால் போனை அணைத்து வைக்கும்போது அம்மா பயப்பட மாட்டார்.

படி 2: கப்பலில் ஏறியதும் ஏர்பிளேன் மோட்

கேபினில் பெட்டியை வைத்த கையோடு ஏர்பிளேன் மோடைப் போடுங்கள். பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள், மற்றது அணைந்தே இருக்கும்.

"டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்தால் போதாதா?" என்று என் தங்கை கேட்டாள். போதாது. டேட்டா நிற்கும், ஆனால் போன் கப்பல் டவரில் உட்கார்ந்திருக்கும். யாராவது கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் இன்கமிங்குக்கும் நிமிஷக் கணக்கில் காசு. லோன் வேண்டுமா என்று கேட்கிறவருக்கு நடுக்கடலில் நீங்கள் பணம் கட்டிப் பதில் சொல்வீர்கள். ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று: ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் தங்களைப் பதிவு செய்துகொள்ள, உங்களுக்குத் தெரியாமல் ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். ஏர்பிளேன் மோட் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

சிம் போட்ட டேப்லெட், தனியாக சிக்னல் பிடிக்கிற ஸ்மார்ட் வாட்ச், பிள்ளைகள் கையிலிருக்கும் பழைய போன், எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள். வைஃபை காலிங் ஆனில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டில் அதற்கு என்ன கட்டணம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டு வைத்துக்கொள்ளாமல் பயன்படுத்தாதீர்கள்.

கப்பல் இன்னும் சிங்கப்பூரில்தானே நிற்கிறது, இப்போதே எதற்கு என்று கேட்கலாம். சிங்கப்பூரின் தென்கரைக்கு நேர் எதிரே இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு இருக்கிறது, சுமார் 20 கிலோமீட்டர்தான். டெக்கில் நின்றால் அந்த நாட்டு டவர் சர்வசாதாரணமாகப் பிடிக்கும். உங்கள் பேக்கில் இந்தோனேசியா இருக்கிறதா?

படி 3: கப்பல் வைஃபை வாங்கலாமா?

வாங்காமலும் இருக்கலாம், நாலு ராத்திரியில் உலகம் முழுகிவிடாது. வாங்குவதாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்தின் தளத்திலோ ஆப்பிலோ வாங்குங்கள், உள்ளே போய் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். கார்டில் ஓடிபி கேட்டாலும் வீட்டில் இருக்கும்போது பிரச்சினை இல்லை.

எல்லாருக்கும் தனித்தனியாக வாங்காதீர்கள். 'ஒரு டிவைஸ்' பேக்கேஜ் என்றால் ஒரே நேரத்தில் ஒரு கருவி என்றுதான் பல கப்பல்களில் அர்த்தம். ஒருவர் லாகவுட் செய்தால் இன்னொருவர் அதே கணக்கில் லாகின் செய்யலாம். நாங்கள் அப்படித்தான் காலையில் அப்பா, மத்தியானம் தங்கை, ராத்திரி நான் என்று முறை வைத்துக்கொண்டோம். லாகவுட் செய்யாமல் அப்பா தூங்கிப்போன அன்று மட்டும் சண்டை. சொந்தமாக ரவுட்டர் கொண்டுபோய்ப் பகிரலாம் என்று திட்டம் போடாதீர்கள், பல கப்பல்களில் அதற்குத் தடை.

வேகத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய முறை சாட்டிலைட்டுகள் பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. நீங்கள் "ஹலோ" சொன்னால் அது அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டும், அதனால்தான் வீடியோ காலில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி ஒரே சமயத்தில் நிறுத்துவீர்கள். புது முறையான ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே ஓடுவதால் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. ராயல் கரீபியன் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் போடுவதாக 2022-இல் அறிவித்தது, அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் மாறத் தொடங்கின. உங்கள் கப்பலில் எது என்று முன்பே கேளுங்கள்.

வாங்கியதும் மறக்காமல் இதைச் செய்யுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதிக்குப் போய், ஆட்டோ டவுன்லோடில் வைஃபைக்குக் கீழே இருக்கும் படம், வீடியோ டிக்குகளை எடுத்துவிடுங்கள். குடும்ப குரூப்பில் வருகிற குட்மார்னிங் வீடியோக்கள் கரைக்குப் போன பிறகு இறங்கட்டும். ஐபோனில் அந்த வைஃபைக்கு லோ டேட்டா மோட், ஆண்ட்ராய்டில் 'மீட்டர்டு' என்று மாற்றினால் பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் அடங்கிவிடும்.

படி 4: துறைமுகத்தில் இறங்கும்போது

முதல் தடவை செய்கிறவர்கள் குழம்புகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

கப்பலை விட்டு இறங்கி, தரையில் கால் வைத்த பிறகு ஏர்பிளேன் மோடை எடுங்கள். இ-சிம் லைனில் டேட்டா ரோமிங் ஆன். இந்திய சிம் லைனில் டேட்டா ரோமிங் ஆஃப். ரோமிங் என்றாலே கெட்டது என்று இரண்டையும் அணைத்துவிட்டு, "இ-சிம் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். பயண இ-சிம்மே ரோமிங்கில்தான் ஓடுகிறது. அது ப்ரீபெய்ட், கொடுத்த காசுக்கு மேல் ஒரு பைசா போகாது. மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் அதே பக்கத்தில் 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். ஆனில் இருந்தால் இ-சிம் சிக்னல் மங்கும்போது போன் இந்திய சிம்மின் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும்.

வங்கி ஓடிபி வேண்டுமென்றால் இதுதான் நேரம். ரோமிங் ஆக்டிவ் ஆன இந்திய சிம்முக்கு எஸ்எம்எஸ் வரும், வெளிநாட்டில் இன்கமிங் எஸ்எம்எஸ் பெரும்பாலும் இலவசம். கால் வந்தால் எடுக்காமல் விட்டுவிடுங்கள். கடலில் இருக்கும்போது ஓடிபி தேவைப்படுகிற எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கிரெடிட் கார்டு பில், கரண்ட் பில் எல்லாம் முன்பே கட்டிவிடுங்கள்.

பினாங்கில் கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். நாங்கள் இ-சிம் இல்லாத அப்பாவை அங்கே ஒரு கடையில் தே தாரிக்கோடு (மலேசியப் பால் டீ) உட்காரவைத்து, வைஃபை பாஸ்வேர்டைத் தமிழிலேயே கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, மாரியம்மன் கோயில் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு மணி நேரத்தில் மூன்று நாள் பேச்சையும் பேசி முடித்திருந்தார்.

படி 5: மணியைப் பாருங்கள், பில்லைவிட இது பெரிய செலவு

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். புக்கெட்டில் இறங்கி ஏர்பிளேன் மோடை எடுத்ததும் போன் தாய்லாந்து டவரைப் பார்த்துத் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போகும். 'கப்பல் நேரம் 5 மணிக்குள் திரும்ப வேண்டும்' என்று போட்டிருந்தால் உங்கள் போனில் அது 4 மணி. பீச்சில் போனைப் பார்த்து இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும். அறிவிப்புப் பலகையில் கப்பல் நேரம் என்ன என்று இறங்கும்போதே பாருங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

படி 6: திரும்பி ஏறும்போதும், ஊருக்கு வந்த பிறகும்

ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலுக்குள் திரும்பும்போது மறுபடி ஏர்பிளேன் மோட். மறந்துபோவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் கையில் பை, முதுகில் வெயில், பாதுகாப்புச் சோதனையில் வரிசை. எங்கள் வீட்டில் கேபின் கார்டை நீட்டுகிறவர் மற்றவர்களின் போனையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்று விதி போட்டோம்.

ஊருக்கு வந்ததும் ரோமிங்கை ஆப்பில் அணைத்துவிட்டு அந்த மாத பில்லை வரி வரியாகப் பாருங்கள். ஏதாவது ஏறியிருந்தால் தேதி, நேரம், நெட்வொர்க் பெயரோடு எழுத்தில் புகார் கொடுங்கள். மாமா அப்படிக் கொடுத்ததில் பாதி குறைத்தார்கள். மீதியைக் கட்டிவிட்டு, அடுத்த பயணத்துக்கு பட்டன் போன்தான் கொண்டுவருவேன் என்கிறார். அதுவும் கப்பல் டவரைப் பிடிக்கும் என்று இன்னும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.